மெஷினுக்கு நெற்றி எது

எங்கள் பனியன் கம்பெனி மேனேஜர் சிவசுப்பிரமணியத்துக்கு நம்பிக்கை இரண்டே இரண்டின் மேல்தான். ஒன்று முருகன், இன்னொன்று கரண்டில் ஓடுகிற எதுவும். மனிதர் வாயால் சொன்னால் காதில் ஏறாது. வெயில் கொளுத்துகிறது என்று சொன்னால் போனை எடுத்து எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டுத்தான் நெற்றி வேர்வையைத் துடைப்பார். அந்த ஆள் கையில் ஒரு கைக்கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் சொல்ல வந்தது அவர் கதை அல்ல, அவருக்கு அவ்வளவு மரியாதை எதற்கு. மூக்கம்மாள் கதையைச் சொல்ல வந்தேன்.

என் பெயர் முனீஸ். ஊத்துக்குளி ரோட்டில் இருக்கிற அந்தக் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்க நின்றபடி டீ-ஷர்ட் தேய்க்கிறவனுக்குத் திருப்பூர் கொடுத்திருக்கிற பட்டம் அது. என் மேஜை செக்கிங் டேபிளை ஒட்டி இருப்பதால் கம்பெனியில் எது நடந்தாலும் முதல் வரிசை டிக்கெட் எனக்குத்தான்.

நான் அருப்புக்கோட்டை. மூக்கம்மாள் கமுதிப் பக்கம். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் மழை பொய்த்த வருசம் ஒன்றில் புருசனோடும் கைப்பிள்ளையோடும் பஸ் ஏறி வந்தவள். புருசன் சாயப்பட்டறைக்குப் போனான். நாலாவது வருசம் பல்லடம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தான். ஊருக்குத் திரும்பி வா என்று அண்ணன்மார் கூப்பிட்டார்கள். அங்கே வந்து யார் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துகொண்டாள். மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்துவிட்டாள்.

கம்பெனியில் முதல் ஏழெட்டு வருசம் அவளுக்குப் பிசிர் வெட்டும் வேலை. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைத் தரையில் உட்கார்ந்து குட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். கம்பெனியின் கடைசிப் படி அது. அங்கே உட்கார்ந்திருக்கிற எவளுக்கும் பெயர் கிடையாது. "ஏய்" என்றால் எட்டுத் தலை திரும்பும்.

ஒருநாள் பீஸ் கணக்கு எழுதுகிறவன் வரவில்லை. எத்தனை கட்டு முடிந்தது என்று தெரியாமல் எல்லோரும் முழித்தபோது, தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமலே ஒவ்வொரு டெய்லர் பெயரையும் சொல்லி இவனுக்கு இத்தனை, இவளுக்கு இத்தனை என்று ஒப்பித்தாள். எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பீஸ் பிசகவில்லை. மறுநாள் நோட்டும் பேனாவும் அவள் கைக்கு வந்தன. படித்தது எட்டாவது. அன்றைக்கு எழுந்து நின்றவள்தான், அப்புறம் கம்பெனியில் உட்காரவே இல்லை. மணிக்கு ஒரு தரம் நாற்பது மெஷினையும் சுற்றி வருவாள். பேனா கொண்டையில் சொருகியிருக்கும். குவியலை ஒரு பார்வை பார்ப்பாள், எழுதுவாள், அடுத்த மெஷினுக்குப் போய்விடுவாள். கம்பெனியே அவளை நோட்டக்கா என்றது. வாரக் கடைசியில் டெய்லருக்கும் காண்ட்ராக்டருக்கும் கூலித் தகராறு வந்தால், "நோட்டக்கா என்ன எழுதியிருக்கு" என்பதோடு சண்டை முடிந்துவிடும்.

அவளும் லேசுப்பட்டவள் அல்ல. அந்தப் பேனாவை ஒருத்தருக்கும் கடன் தர மாட்டாள். ஒரு கட்டு கூடுதலாகச் சொன்னவனை நாலு நாளைக்கு நாக்காலேயே உரித்துவிடுவாள். நானும் உரிபட்டிருக்கிறேன்.

போன சித்திரையில் ஒரு அமாவாசை அன்று அந்தப் பெட்டி வந்தது. கோயமுத்தூரிலிருந்து கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஒருத்தன் கொண்டு வந்தான். சித்திரை வெயிலில் டை கட்டுகிறவன் சொல்வதை எப்படி நம்புவது? எங்கள் மேனேஜர் நம்பினார். செக்கிங் டேபிளில் இருந்த பனியன்களை எல்லாம் அள்ளி என் மேஜையில் போட்டுவிட்டு, டேபிளைத் துடைத்து, பெட்டியை நடுவில் வைத்தார்கள். பொண்ணு பார்க்க வந்த வீடு மாதிரி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெட்டி. அதைத் திறந்தால் அட்டை. அட்டைக்குள் பிளாஸ்டிக் உறை. கடைசியில் வெளியே வந்தது பாதிச் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான். மேலே போன் மாதிரித் திரை, கீழே பித்தான்கள், உச்சந்தலையில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல். அந்தச் சன்னல் வழியாகச் சிவப்பு வெளிச்சம் கோடாக வந்து, துணிக் கட்டின் மேல் ஒட்டுகிற கோடு போட்ட டிக்கெட்டைப் படிக்குமாம். படித்தது அடுத்த நொடி முதலாளி ரூமில் இருக்கிற டிவியில் தெரியுமாம்.

அதற்கப்புறம் சீர்வரிசை. சார்ஜ் போட ஒரு தொட்டில், கூடுதலாக ஒரு பேட்டரி, மணிக்கட்டில் மாட்ட ஒரு பட்டை, இடுப்பில் மாட்ட ஒரு உறை, சுருள் கயிற்றில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் குச்சி, மெஷினுக்குப் போட ரப்பர் சட்டை. பதினேழு பாஷையில் ஒரு புத்தகம், அதில் தமிழைக் காணோம். கடைசியாக உள்ளங்கை அகலத்தில் பூப்போல ஒரு சாம்பல் கலர் துணி. ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலம் ஒன்றும் விழுந்தது. பேக்கிங் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தினம் பெட்டிக்குப் பெட்டி அவர்கள் போடுகிற அதே பொட்டலம்.

எங்கள் ஆட்களுக்குப் பொருளைப் பங்கு வைக்கச் சொல்லியா தர வேண்டும்? இடுப்பு உறையை மேனேஜர் அப்போதே பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒன்றும் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிற போலீஸ் மாதிரி கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். குச்சி அவர் சட்டைப் பைக்குப் போனது. சாம்பல் துணியை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், நன்றாக இருக்கவே அதுவும் பைக்குள் போனது. கூடுதல் பேட்டரியைக் காணாமல் போகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ரப்பர் சட்டையைப் போட்டால் புதுசு கலைந்துவிடும் என்று பெட்டியிலேயே போட்டு மூடினார்கள். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப் போன டைக்காரன் கையை மேனேஜர் எட்டிப் பிடித்தார்.

"அது இருக்கட்டுமுங்க. புதுச யாராச்சும் உரிப்பாங்களா?"

டைக்காரன் ஒரு டிக்கெட்டுக்கு நேராகச் சாமானைப் பிடித்து அமுக்கினான். பீப் என்றது. அதைக் கேட்டு மேனேஜர் முகம் மலர்ந்ததே, அவருக்குப் பேரன் பிறந்தபோதுகூட அப்படி மலரவில்லை.

"இது வந்துட்டா நோட்டே வேண்டாம் சார்" என்றான் டைக்காரன். "நோட்டு எழுதற ஆளும் வேண்டாம். பத்து நாள் ட்ரையல் பாருங்க. திருப்தி இல்லைன்னா பெட்டியோட திருப்பி எடுத்துக்கறோம்."

நோட்டு எழுதுகிற ஆள் நாலடி தள்ளி நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் நோட்டை மூடினாள், பேனாவைக் கொண்டையில் சொருகினாள், மூணு மணிக் கணக்குக்குச் சுற்றக் கிளம்பினாள்.

டைக்காரன் போன பிறகு, சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து முதலாளியம்மா ஜெயபாரதி பூஜைக்கு வந்தார். எலுமிச்சை, கற்பூரம், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் எல்லாம் வந்தன. எந்தச் சாமானுக்கும் நெற்றி எது என்று கண்டுபிடிப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. பைக்குக்கு ஹெட்லைட்டுக்கு மேலே. பீரோவுக்குக் கைப்பிடிக்கு மேலே. தையல் மெஷினுக்கு ஊசிக்கு மேலே. கைக்கம்ப்யூட்டருக்கு? உச்சந்தலையில் பளபளவென்று சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறதே, அதைவிட நல்ல நெற்றி எங்கே தேடுவது? முதலாளியம்மா கட்டைவிரலால் சந்தனத்தை எடுத்து அதன் நடுவில் அப்பினார். மேலே குங்குமம். மேனேஜர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூக்கம்மாள் கடைசி வரிசையில் நின்றாள். புருசன் செத்தவள் என்பதால் ஆயுத பூஜைக்கும் அவள் அங்கேதான் நிற்பாள். நில் என்று யாரும் சொன்னதில்லை, முன்னால் வா என்றும் சொன்னதில்லை.

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் கம்பெனியில் யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு. போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் பாதி மெஷின்களில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பொட்டை எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தர் மனசிலும் அது ஒரு சமாச்சாரமாகப் படவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படிக்காத கை பட்டால் கெட்டுப் போகும் என்று வேறு யாரையும் தொட விடவில்லை. முதல் கட்டுக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். சத்தம் இல்லை. சாய்த்துப் பிடித்தார். இல்லை. முழங்காலை மடக்கி, கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி என்னென்னவோ வித்தை காட்டினார். நாலு கட்டுக்கு ஒரு கட்டு பீப் என்றது. கோயமுத்தூருக்குப் போன் போட்டால் டைக்காரன், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றான். அதையே பதினோரு தரம் செய்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டிக்கெட் அச்சு சரியில்லை, டியூப்லைட் சரியில்லை, டெய்லர்கள் கையில் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டார். சாமானை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தோஷம் போல.

பத்து மணிக்கு மூக்கம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்ததும் தடுத்தார்.

"ஏனம்மணி, ரெண்டு கணக்கு ஓடுனா மெஷினு கொழம்பிப் போகாதா? அதக் கொண்டா இங்க."

நோட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

என் மேஜைப் பக்கம் வந்து அவர் அமுக்கினபோதுதான் நான் பார்த்தேன். வெள்ளை விரிப்பின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம், நடுவில் ஒன்றும் இல்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடேங்கப்பா முனீசு, உனக்கு மூளை இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். டீ நேரத்தில் மூக்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தச் செவப்புக் கோட்டக் கவனிச்சீகளா?"

"கவனிச்சேன். நடுப்பல்லு போன மாதிரில்ல விழுகுது."

"பொட்டு மறைக்கி. யாருகிட்டயும் மூச்சு விட்ராதீக. பத்தே நாளு. பெட்டியோட கட்டிக் கோயமுத்தூருக்கே அனுப்பிருவாக. ஒங்க நோட்டு ஒங்க கைக்கு வந்துரும்."

அவள் டீ தம்ளரை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"இது இங்கயே தங்கிட்டா என்னயப் பழையபடி பிசிருக்குத்தான் அனுப்புவாக முனீசு. முட்டி மடங்காது, அதக்கூடப் பொறுத்துக்கிருவேன். ஏய்ன்னா திரும்பிப் பாக்கணுமே. இம்புட்டு வருசத்துக்கப்பறம் என்னால அது முடியாதுடா."

"அதத்தேன் நானுஞ் சொல்றேன். கம்முன்னு இருங்க."

அவள் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பொட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் முதலாளி ரூம் டிவியில் கம்பெனி உற்பத்தி கால்வாசியாக இறங்கிவிட்டது. கம்பெனியில் அதே துணி, அதே டெய்லர், லாரிக்குப் போகிற பெட்டியும் அதே எண்ணிக்கை. பெட்டியை எண்ணிப் பார்க்க யாருக்கு நேரம்? டிவி சொல்லிவிட்டதே. முதலாளி மேனேஜரை ஏசினார். மேனேஜர் வெளியே வந்து எங்களை ஏசினார். எனக்கு உள்ளூரக் குஷி. ஏசட்டும், இன்னும் எட்டு நாள்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தேய்த்தேன்.

மூன்றாம் நாள் பூவாத்தாள் தலையில் விடிந்தது. குன்னத்தூர்க்காரி, கம்பெனி வேனில் வந்து போகிறவள். வாய் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. பனியன் கழுத்தில் லேபிள் வைத்துத் தைப்பது அவள் வேலை. அந்தக் கட்டுகளுக்கு ஒட்டுகிற டிக்கெட் மட்டும் பொடிசு. மற்ற டிக்கெட்டாவது சாய்த்துப் பிடித்தால் நாலுக்கு ஒன்று படித்தது, பொடி டிக்கெட் ஒன்றுகூடப் படிக்கவில்லை. மூன்று நாளாக டிவியில் அவள் பெயருக்கு நேராகப் பூஜ்யம்.

மேனேஜர் அவள் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். அவள் இடுப்பு உயரத்துக்குத் தைத்த கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. கையில் இருந்த திரையைப் பார்த்தார், அதுவும் பிளாஸ்டிக் தாள் வழியாக.

"மூணு நாளா ஒரு பீசு தைக்கலியாமா நீ?"

"தெச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். இதா, எல்லாம் இங்கதானுங்க கெடக்குது."

"மெஷினு பொய் சொல்லுமா அம்மணி? நாளையில இருந்து வேன்ல ஏற வேண்டாம். மொதலாளி சொல்லியாச்சு."

பூவாத்தாள் ஒரு கட்டைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. இன்னொன்றைத் தூக்கி நீட்டினாள். "எண்ணிப் பாருங்க சாமி, எண்ணிப் பாருங்க சாமி" என்று அதையே சொன்னாள். அப்புறம் சொல்ல முடியாமல் அழுதாள். நாற்பது மெஷினும் நின்றுவிட்டன. கையில் கட்டு, முன்னால் மலையாகத் துணி, ஒரு மனுசி தான் தைத்தாள் என்று சத்தியம் பண்ணி அழுகிறாள், எதிரே நிற்கிறவன் திரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு கூத்தை எந்த ஊர்த் திருவிழாவிலும் பார்க்க முடியாது.

வாட்ச்மேனைக் கூப்பிட, சாமானைச் செக்கிங் டேபிளில் வைத்துவிட்டு மேனேஜர் போனை எடுத்தார். மூக்கம்மாள் போய் அந்தச் சாமானை எடுத்தாள்.

சேலைத் தலைப்பில் எச்சிலைத் தொட்டாள். கண்ணாடி மேல் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. துடைக்கவென்றே பெட்டியோடு வந்த துணி மேனேஜர் பையில் இருந்தது. பூவாத்தாள் பக்கத்தில் போய் முதல் கட்டுக்கு நேராகப் பிடித்து அமுக்கினாள். பீப் என்றது. அடுத்தது பீப். அதற்கடுத்தது பீப். முப்பத்தொரு கட்டு. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு சாமானை மேனேஜர் கையில் கொடுத்தாள்.

மேனேஜர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாத்தீங்களா, மெஷினு நல்லாத்தான இருக்குது" என்றார். தூ.

டிவியில் பூஜ்யம் முப்பத்தொன்றானதைப் பார்த்து முதலாளியே வெளியே வந்துவிட்டார். முதலாளியம்மாவும் பின்னால் வந்தார். துடைத்த பொட்டைப் பார்த்தார், துடைத்த கை யாருடையது என்று பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று முதலாளி கேட்டார்.

"மொத நாளே தெரியுங்க" என்றாள் மூக்கம்மாள்.

இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு பதிமூன்று வருசம் நோட்டில் ஒரு பொய் எழுதாதவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. மேனேஜர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"பாருங்க, தெரிஞ்சே மூணு நாளா மறைச்சிருக்குதுங்க. வேல போயிருமுன்னு கம்பெனியவே கவுக்கப் பாத்திருக்குது. வேற யாருக்கெல்லாம் தெரியும்? சொல்லு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு மட்டுந்தான்" என்றாள்.

நான் அயர்ன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவி வந்து முகத்தில் அடித்தது. அடுத்த பனியனை எடுத்து விரித்தேன். பிசிருக்குப் போகிறாயா, இல்லை வெளியே போகிறாயா என்று முதலாளி கேட்டார். கத்தரி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

பூவாத்தாள் மறுநாள் வேனில் வந்தாள். சாமான் இப்போது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கம்பெனிக்குச் சிஸ்டம் கொண்டு வந்தவர் என்று மேனேஜருக்கு நல்ல பெயர். மேனேஜரை ஏசினேன், டைக்காரனை ஏசினேன், பூஜையை ஏசினேன். எல்லாரையும்விடக் கேவலமானவன் எவன் என்று கேட்டால் அயர்ன் மேஜைப் பக்கம்தான் கையைக் காட்ட வேண்டும். பொட்டு மறைப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்து திரிந்தேன். அப்புறம் ஒருநாள் டீயை வாங்கிக்கொண்டு போனேன். சுவரில் சாய்ந்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏழு நாளு பொறுத்திருந்தீகன்னா பெட்டி போயிருக்கும்க்கா" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயில் வந்த லட்சணம் அது.

அவள் டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பூவாத்தா அழுதாளே, அப்ப நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்த?"

"தேச்சுக்கிட்டிருந்தேன்."

"எத்தன பீசு?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவளிடம் எண்ணிக்கையில் பொய் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. எனக்குத் தெரிந்தும் இருந்தது. பூவாத்தாள் அழ ஆரம்பித்ததிலிருந்து மூக்கம்மாள் பொட்டைத் துடைத்தது வரைக்கும், தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக எண்ணித்தான் தேய்த்தேன்.

"ஒம்போது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.